அடக்கும் அணுவைத் தேடி



பகைவனை எதிர்த்து நிற்பது வீரம். அவ்வெதிர்ப்பை எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிவது விவேகம். நாட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நம் உடலுக்கும் பொருந்தும். நோயை எதிர்க்கும் உயிரணுக்கள் எவை என்பதை விஞ்ஞானிகள் ஒருவாறு விரைவில் அறிந்துகொண்டனர். அவ்வெதிர்ப்பை அடக்கி ஆளும் உயிரணுக்களைத் தனியே பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சுண்டெலிகளிடத்தே நடந்த அந்தத் தேடலின் வரலாற்றையும், அதற்கும் நம் ஊர்ப்புறத்து யானைக்கால் நோய்க்கும் உள்ள தொடர்பையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

புதுவை நகருக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் இருப்பது வில்லியனூர். தெற்கே ஏரிப்பாசனத்தால் நெல் விளையும் பூமி பாகூர். இவ்விரு கொம்யூன்களின் பள்ளிகளிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். என் இளமைக் காலத்தில் யானைக்கால் கண்ட முதியோர் இல்லாத தெரு அரிது. கால் பருத்து, தோல் தடித்து, கோயில் படி ஏறவும் வரப்பில் நடக்கவும் மாட்டாமல் அவர்கள் பட்ட துன்பத்தை நேரில் கண்டவர்கள் மறக்க இயலாது.

அந்நாளில் சுகாதார ஊழியர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் செல்வார்கள். இரவில் வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். யானைக்கால் புழுவின் நுண்ணிய குஞ்சுகள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் மேற்பரப்பு இரத்தத்தில் பெருமளவில் உலவுகின்றன. அவற்றைக் கடத்தும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளையும் அதுவே. மனித இரத்தத்தில் இக்குஞ்சுகளை முதன்முதலாகக் கண்டவர் டிமதி லூயி என்னும் மருத்துவர். 1872 ஆம் ஆண்டில் அவர் கண்ட இடம் நம் நாட்டுக் கல்கத்தா நகரம்.

இரத்தச் சோதனையில் வியப்பான ஒரு செய்தி தெரிய வரும். பருத்த காலோடு இருப்பவரின் இரத்தத்தில் பெரும்பாலும் புழுக்குஞ்சு காணப்படுவதில்லை. அதே தெருவில், ஏர் பிடித்து உழுது, மூட்டை சுமந்து, நோய்நொடி இன்றித் திரியும் இளைஞனின் இரத்தத்திலோ குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நெளியும். ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, புழு உள்ளே இருப்பது அவர் உடம்புக்குத் தெரியாதா? தெரிந்தால் ஏன் சும்மா இருக்கிறது?” என்று கேட்டாள். மிக ஆழமான வினா அது. அதற்கு விடை அன்றைய பாடநூலில் இல்லை. விடை, தொலைதூர நாடுகளின் ஆராய்ச்சிச் சாலைகளில் சுண்டெலிக் கூண்டுகளிலிருந்து மெல்ல மெல்ல வெளிவந்துகொண்டிருந்தது.

முதலில் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் உடலின் எதிர்ப்பைத் தூண்டும் அந்நியப் பொருளுக்கு ஆன்டிஜன் என்று பெயர். கிருமியின் புரதமும் ஆன்டிஜனே, புழுவின் தோலும் ஆன்டிஜனே. இவற்றை இனங்கண்டு எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு பெரும் பிரிவு, நெஞ்செலும்பின் பின்னே இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் பக்குவம் அடைகிறது. அதனால் அவற்றை டி அணுக்கள் என்கிறோம். பயனற்ற உறுப்பு என்று பலரும் கருதிய தைமஸ் இன்றியமையாதது என்பதை ஜாக் மில்லர் என்பவர் 1961 ஆம் ஆண்டில் பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு நிறுவினார். ஒவ்வொரு டி அணுவும் ஏதேனும் ஓர் ஆன்டிஜனின் துண்டை மட்டுமே இனங்காணும். பூட்டுக்கு ஒரு சாவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி அணுக்கள் எதிர்ப்பை வளர்ப்பவை என்றே எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு கெர்ஷன், கசுனாரி கோண்டோ என்னும் இருவர் 1970 ஆம் ஆண்டில் ஒரு புதுமையான சோதனை முடிவை வெளியிட்டனர். ஓர் அந்நியப் பொருளைப் பேரளவில் திரும்பத் திரும்பச் செலுத்தினால், உடல் அப்பொருளை எதிர்ப்பதை விட்டுவிடுவது உண்டு. இதனை ஏற்புநிலை என்போம். அவர்கள் சுண்டெலிகளின் தைமஸை அகற்றி, கதிர்வீச்சால் பழைய எதிர்ப்பணுக்களையும் ஒடுக்கினர். பின்னர்ச் சில எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையோடு தைமஸ் அணுக்களையும், சிலவற்றுக்கு மஜ்ஜையை மட்டும் கொடுத்தனர். இரு கூட்டத்துக்கும் செம்மறியாட்டின் செவ்வணுக்களைப் பேரளவில் செலுத்தினர். தைமஸ் அணு பெற்ற எலிகளிடம் ஏற்புநிலை தோன்றிற்று, பெறாதவற்றிடம் தோன்றவில்லை. எதிர்ப்பு தானே ஓய்ந்துவிடவில்லை, ஓர் அணுக்கூட்டம் அதனை ஓயச் செய்கிறது என்பது இதனால் புலனாயிற்று. அடுத்த ஆண்டு இன்னொரு படி சென்றனர். ஏற்புநிலை அடைந்த எலியின் மண்ணீரல் அணுக்களை வேறோர் எலிக்குச் செலுத்தியபோது அதன் எதிர்ப்பும் அடங்கிற்று. தொற்றுநோய் பரவுவது போல அடக்கமும் பரவிற்று!

இவ்வாறு அடக்கும் டி அணு என்னும் கருத்து பிறந்தது. இனி அந்த அணுவைத் தனியே பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும் அல்லவா? அங்கேதான் சோதனை தொடங்கிற்று.

இதன் கடினத்தை ஓர் உவமையால் விளக்குகிறேன். பாகூர்ப் பக்கத்தில் விதைநெல் எடுக்கும் வயலில் இறங்கிக் கலவன் நீக்குவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேற்று இரகத்துப் பயிரைக் கதிர் வெளிவரும்போது உயரத்தாலும் நிறத்தாலும் கண்டு பிடுங்கி எறிவார்கள். ஏனெனில் நெல் மூட்டைக்குள் போய்விட்டால் வேறு பிரிப்பது அரிது. எழுபத்தைந்து கிலோ மூட்டையில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மணிகள் இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜன் துண்டை இனங்காணும் துணை டி அணுக்கள், அதனை முன்பின் அறியாத ஒரு சுண்டெலியின் உடலில் 20 முதல் 200 வரைதான் உள்ளன என்று 2007 ஆம் ஆண்டில் எண்ணிக் கண்டனர். அதே உடலில் அவ்வினத்து அணுக்கள் மொத்தம் சில கோடி. மூட்டைக் கணக்கில் சொன்னால், தேட வேண்டியவை இருபது முப்பது மணிகளுக்கு மேற்படா. எல்லாம் பார்வைக்கு ஒரே வடிவம், ஒரே நிறம். அவற்றுள்ளும் அடக்கும் தொழிலுடையவை ஒரு பகுதியே.

1970களில் ஆய்வாளர்கள் இரு வழிகளை நாடினர். ஆன்டிஜனைப் பூசிய தட்டுகளிலும் மணிகளிலும் எலியின் டி அணுக்களை ஊற்றி, ஒட்டிக்கொண்டவற்றைச் சேகரிப்பது ஒரு வழி. அணுவின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களை இனங்காணும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு பிரிப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் 1976 ஆம் ஆண்டில் ஐ-ஜே என்னும் அடையாளம் கண்டறியப்பட்டதாக ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் செய்தி வந்தது. அடக்கும் அணுவின் நெற்றியில் இட்ட திலகம் இதுவே என்று ஆராய்ச்சி உலகம் மகிழ்ந்தது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுந்தன. ஓர் அணு அடக்க, அதனை இன்னோர் அணு தூண்ட, அதனை மூன்றாவது அணு தடுக்க என்று வரைபடங்கள் பின்னிப் பிணைந்து சென்றன. யானைக்கால் நோயிலும் இக்கருத்து புகுந்தது. இந்தோனேசியாவில் மலாயி யானைக்கால் புழு தொற்றியவர்களிடம், அப்புழுவின் ஆன்டிஜனுக்கு எதிரான செயலை மட்டும் தனிப்பட அடக்கும் டி அணுக்கள் இருப்பதாக 1982 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எழுதினர்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. எலியின் மரபணுக்களை நேரடியாகப் படிக்கும் முறை அதற்குள் வந்துவிட்டது. ஐ-ஜே மரபணு இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தைக் குரோனன்பெர்க், ஹூட் முதலானோர் 1983 ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். அவ்விடத்தில் அப்படியொரு மரபணு இல்லை! இன்னொரு செய்தியும் சேர்ந்துகொண்டது. டி அணு ஓர் ஆன்டிஜனை அப்படியே தனித்துப் பற்றுவதில்லை; வேறோர் உயிரணு அதனைத் துண்டாக்கித் தன் புரதத்தில் ஏந்திக் காட்டும்போதுதான் இனங்காண்கிறது என்பது உறுதியாயிற்று. அங்ஙனமாயின் வெறும் ஆன்டிஜன் பூசிய தட்டில் ஒட்டியவை எவை என்ற ஐயம் எழுந்தது. கெர்ஷன் அதே 1983 ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் அடக்கும் டி அணு என்று எழுதினால் ஏளனத்துக்கு ஆளாக நேரும் என்னும் அளவுக்கு அச்சொல் மதிப்பிழந்தது.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். கெர்ஷன் எலியிடத்தே கண்ட நிகழ்ச்சி பொய்யா? அன்று. ஏற்புநிலை ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்குச் சென்றது மெய். ஐ-ஜே என்ற அடையாளமே பிழைத்தது. நிகழ்ச்சி வேறு, அதற்கு நாம் சூட்டும் பெயர் வேறு, அதனை விளக்க நாம் வரையும் படம் வேறு. படம் கிழிந்ததும் நிகழ்ச்சியையும் சேர்த்து எறிந்துவிட்டது அன்றைய ஆராய்ச்சி உலகம். உறவினர் சொன்ன அடையாளம் பொருந்தவில்லை என்பதற்காக, காணாமற் போன பிள்ளையே பிறக்கவில்லை என்று சொல்வார் உண்டோ?

அவ்வாறு எறியாமல் காத்தவர் ஷிமோன் சகாகுச்சி என்னும் ஜப்பானியர். அவருக்கு வழிகாட்டிய செய்தி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை அகற்றினால் பெண் சுண்டெலிகளின் சூலகங்கள் அழிகின்றன என்று நிஷிசுகா, சகாகுரா என்னும் இருவர் 1969 ஆம் ஆண்டில் கண்டிருந்தனர். எதிர்ப்பணுக்களின் பிறப்பிடத்தை அகற்றினால் எதிர்ப்பு குறைய வேண்டும். இங்கோ உடல் தன்னையே தாக்கிக்கொண்டது. ஆகவே தைமஸிலிருந்து சற்றுப் பிந்திப் புறப்படும் காவலர் கூட்டம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று சகாகுச்சி கருதினார். பத்தாண்டுகளுக்கு மேல் ஒவ்வோர் அடையாளமாகச் சோதித்து, 1995 ஆம் ஆண்டில் சி.டி.25 என்னும் மேற்பரப்புப் புரதத்தை அடைந்தார். துணை டி அணுக்களில் அப்புரதம் உடையவை நூற்றுக்குப் பத்துக்கு மேற்படா. அவற்றை நீக்கிவிட்டு, மற்ற டி அணுக்களை மட்டும் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது, தைராய்டு, இரைப்பை முதலிய உறுப்புகளை அவ்வணுக்கள் தாக்கின. நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தபோது தாக்குதல் நின்றது. நீக்கிக் காட்டுதல், சேர்த்துக் காட்டுதல் ஆகிய இரண்டும் பொருந்திய சோதனை அது.

எனினும் ஒரு முறை ஏமாந்த உலகம் எளிதில் நம்புமா? மரபணுச் சான்று வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையில் 1940களில் தோலெல்லாம் செதில் உதிரும் ஆண் சுண்டெலிகள் சில பிறந்திருந்தன. டி அணுக்கள் தம் உறுப்புகளையே தாக்க, அவை சில வாரங்களில் மடிந்தன. குறை எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 17 கோடி எழுத்துகள் எனலாம். மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் என்னும் இருவரும் தம் குழுவினருடன் அந்த நீளத்தை ஐந்து இலட்சம் எழுத்துகளாகச் சுருக்கினர். அங்கே இருபது மரபணுக்கள் இருந்தன. ஒன்றொன்றாகப் பார்த்து வந்ததில், இருபதாவதாகப் பார்த்ததில்தான் குறை இருந்தது! 2001 ஆம் ஆண்டில் வெளியான அம்மரபணுவின் பெயர் ஃபாக்ஸ் பி 3. ஆண் குழந்தைகளைத் தாக்கும் அரியதொரு கொடிய நோய்க்கும் அதே மரபணுவின் குறையே காரணம் என்று தெரிந்தது. சகாகுச்சி கண்ட காவலர் அணுக்களை ஆக்குவது அம்மரபணுவே என்பது 2003 ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. அடக்கும் அணு என்ற பழைய பெயர் போய், ஒழுங்காற்றும் டி அணு என்ற புதிய பெயர் நிலைத்தது. பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜனுக்கு உரிய அணுக்களைப் பிரிப்பதற்கும் வழி பிறந்தது. ஆன்டிஜன் துண்டை ஏந்தும் புரதத்தையே செயற்கையாகச் செய்து, நான்கு நான்காகப் பிணைத்து, ஒளிரும் சாயம் ஏற்றும் முறை 1996 ஆம் ஆண்டில் வந்தது. உரிய டி அணு அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனோடு காந்தத் துகளைச் சேர்த்துக் காந்தத்தால் இழுத்துவிடலாம். அப்படி இழுத்தவற்றுள் ஃபாக்ஸ் பி 3 உடையவை எவை என்று பார்த்தால், அந்த ஆன்டிஜனுக்கு உரிய அடக்கும் அணு கைக்கு அகப்படும். மூட்டைக்குள் கலந்த அந்த இருபது முப்பது மணிகளை எடுக்கும் கை இதுவே.

இனி நம் தெருவுக்குத் திரும்புவோம். எலிவகைகளைத் தாக்கும் யானைக்கால் இனப் புழு ஒன்று உண்டு. அது தொற்றிய சுண்டெலிகளில் ஒழுங்காற்றும் டி அணுக்களின் செயலை எடின்பரோ ஆய்வாளர்கள் எதிர்ப்பொருள்களால் நீக்கியபோது, உறங்கிக் கிடந்த எதிர்ப்பு விழித்துப் புழுக்களைக் கொன்றது. இது 2005 ஆம் ஆண்டின் செய்தி. மறு ஆண்டு, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நம் பக்கத்து மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து எழுதினர். புழு தொற்றியவர்களின் வெள்ளணுக்கள் உயிருள்ள புழுக்குஞ்சுகளை எதிர்கொண்டபோது, தொற்று இல்லாதவர்களைக் காட்டிலும் ஃபாக்ஸ் பி 3 முதலிய அடக்கும் குறிகள் மிகுந்தும், எதிர்ப்புக் குறிகள் தளர்ந்தும் காணப்பட்டன.

ஆகவே, புழு இருப்பது உடம்புக்குத் தெரியாமல் இல்லை. உடம்பின் கையைப் பிடித்து நிறுத்தும் காவலரைப் புழு தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. உழுது திரியும் அந்த இளைஞனின் நலம் நலமன்று. அது புழுவுக்குச் சாதகமான உடன்படிக்கை. தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் உறங்கும் இரவில், அவனைக் கடித்த கொசு பன்னிரண்டு பதினான்கு நாளில் அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் புழுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அப்படியானால் அடக்கும் அணுக்களை மருந்தால் நீக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். செதில் உதிர்ந்து மாண்ட சுண்டெலிகளை நினைத்துப் பாருங்கள். காவலர் இல்லாத உடல் தன்னையே அழிக்கும். யானைக்கால் வீக்கத்திலும், பாக்டீரியாத் தொற்றோடு, கட்டுமீறிய எதிர்ப்புக்கும் பங்குண்டு. ஆதலின் காவலரைத் தொடாமல் புழுவை ஒழிப்பதே அறிவுடைமை. நம் நாட்டில் 2004 ஆம் ஆண்டு முதல் நோயுள்ள பகுதிகளில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்ததன் பொருள் இதுவே. தாய்ப்புழு பல ஆண்டுகள் உயிர்வாழ்வதால், ஓராண்டு விழுங்கி மறு ஆண்டு மறுப்பதில் பயனில்லை. புதுவையில் 1975 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொசு முதலிய நோய்க்கடத்திகளின் ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரிலே சாக்கடையையும் தேங்கு நீரையும் சீர்செய்து கொசுவைக் குறைத்துக் காட்டிற்று. மாத்திரையும் சுத்தமான வாய்க்காலும் சேர்ந்தே நம்மைக் காக்கும்.

“எனக்குத்தான் ஒன்றுமில்லையே, எனக்கு எதற்கு மாத்திரை?” என்று திண்ணையில் அமர்ந்து மறுப்பவரை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அவர் அறியாமையால் பேசவில்லை. தம் உடல் தமக்குச் சொன்னதையே பேசுகிறார். அந்த உடலின் சாட்சி புழுவால் கலைக்கப்பட்ட சாட்சி என்பதை அவருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்ல உங்களால் இயலும். சேலியமேட்டுப் பெரியவருக்கும் கூடப்பாக்கத்து மாமாவுக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளை சொல்லும் சொல், அரசாங்க அறிவிப்பைவிட விரைவில் செவியேறும்.

படிக்கும் உங்களுக்கு இவ்வரலாறு இன்னொன்றையும் கற்பிக்கிறது. ஒரு நிகழ்ச்சியைக் கண்டால் அதனைக் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு காரணம் சொன்னால், அக்காரணத்தைப் பிரித்துக் கையில் எடுத்துக் காட்டும் வரையில் உறுதி என்று சொல்லாதீர்கள். காட்ட முடியாமற் போனால் காரணத்தைக் கைவிடுங்கள், நிகழ்ச்சியைக் கைவிடாதீர்கள். அடக்கும் அணு 1970 ஆம் ஆண்டிலும் எலியின் உடலில் இருந்தது. அதனை ஐயமறக் காட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதுவரை பொறுமையோடு இருபதாவது மரபணுவையும் திறந்து பார்த்தவர்களாலேயே உண்மை வெளிப்பட்டது. உங்கள் கல்வியிலும் அத்தகைய பொறுமை தழைப்பதாக.